ஹப் பூட்டாம ஓடையில இறங்கின கதையும், இன்னும் சில பழைய வண்டிக் கதைகளும் (ஒவ்வொரு ஊர்லேருந்தும் ஒருத்தர் எழுதினது)

காட்பாடி. மகிந்திரா எம்.எம்.540, 1994 மாடல்

என் கைக்கு வந்து ஏழு வருஷம். எனக்கு முன்னாடியே மூணு பேர் வெச்சிருந்த வண்டி. பிரேக் பிடிச்சா இடது பக்கம் ஓடும், மழை பேஞ்சா கால்மேல ஒழுகும். ஆனா அந்த 2112 சி.சி. பியூஜோ டீசல் இன்ஜின் காலையில ஒரே செல்ஃப்ல பிடிச்சிடும். அதுக்காகவே மத்ததையெல்லாம் மன்னிச்சாச்சு.

வாங்கின புதுசுல நடந்தது இது. ஐப்பசி மழை விட்ட மறுநாள், நானும் மச்சானும் கணியம்பாடி, அமிர்தி வழியா ஜவ்வாது மலை ஏறலாம்னு கிளம்பினோம். அமிர்திக்கு முன்னாடியே ஒரு மண் தடம் ஓடைப் பக்கம் பிரிஞ்சு போச்சு. பார்த்ததும் மச்சானுக்கு ஆசை. முழங்கால் தண்ணிகூட இல்ல. கியர் பக்கத்துல இருக்கிற குட்டை ராடை இழுத்து, நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் போட்டு, பெருமையா இறங்கினேன். நடு ஓடையில பின் சக்கரம் ரெண்டும் கூழாங்கல்லைத் தோண்ட ஆரம்பிச்சுது. முன் சக்கரம் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கு. மெதுவா, ஆனா பலமா இழுக்கிற லோ கியர் போட்டேன். இன்னும் பொறுமையா, இன்னும் ஆழமாத் தோண்டிச்சு.

அரை மணி நேரம் கல்லு பொறுக்கிப் போட்டுக்கினு இருந்தோம். மாடு ஓட்டிக்கினு வந்த பெரியவர் ஒருத்தர், பீடி தீர்ற வரைக்கும் கரையில குந்தி வேடிக்கை பார்த்தார். அப்புறம் இறங்கி வந்து முன் சக்கரத்து நடுவுல இருக்கிற மூடியைத் தட்டினார்.

“இத்த திருப்பினியா தம்பி?”

திருப்பல. ஃப்ரீ வீல் ஹப்னு ஒண்ணு இருக்கு, இறங்கித்தான் பூட்டணும்னு வித்தவர் சொன்னது எனக்கு அப்பத்தான் ஞாபகம் வருது. ஹப்பைப் பூட்டாம ராடை மட்டும் இழுத்தா, உள்ளே ஷாஃப்ட் சுத்தும், சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெரியவர் ஒரு காலத்துல ஜீப்புல கிளீனரா இருந்தவராம். ரெண்டு பக்கமும் திருப்பிட்டு, “இப்ப எடு. ஆக்ஸிலேட்டர மெரிக்காத”ன்னார். லோ ஃபர்ஸ்ட்ல வண்டி தானா ஊர்ந்து கரை ஏறிடுச்சு. டீக்குக் காசு நீட்டினேன், வாங்கல. “ஆரன் அடிக்காத போ, மாடு மெரளும்”னு அனுப்பி வெச்சார்.

அப்புறமா இன்னொண்ணு பட்டுத்தான் கத்துக்கிட்டேன். கரை ஏறின சந்தோஷத்துல ஃபோர் வீலை எடுக்காமலே தார் ரோட்டுல ஓட்டினேன். திருப்பத்துல முன் சக்கரம் அதிக தூரம் ஓடணும், பின் சக்கரம் கம்மி. அதைச் சமாளிக்க முன்னுக்கும் பின்னுக்கும் நடுவுல டிஃபரென்ஷியல்ங்கிற பல்சக்கர அமைப்பு இந்த வண்டிங்கள்ல கிடையாது. மண்ணுல சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரி பண்ணிக்கும், தார்ல முடியாது. யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுக்கிற மாதிரி வண்டி முறுக்கிச்சு. ராடை எடுக்கவே வரல, ரிவர்ஸ்ல கொஞ்சம் விட்ட பிறகுதான் விட்டுச்சு.

செலவு கேக்குறவங்களுக்கு: பார்ட்ஸுக்கு சென்னை புதுப்பேட்டைதான். ஆர்.சி. புதுப்பிக்க 600 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 5000 ஆச்சு, இருபது வருஷம் தாண்டின வண்டிக்கு 2025ல 10,000. வீட்டுல இதைச் சொல்லாதீங்க.

குடியாத்தம். மாருதி ஜிப்சி கிங், 2001

எனக்கு ஹப் பிரச்சினை வரல, மானப் பிரச்சினைதான் வந்துச்சு. பள்ளிகொண்டா பக்கம் காஞ்ச பாலாத்துல மணல் ஓட்டிப் பழகலாம்னு சாயங்காலம் இறங்கினேன். டயர்ல காத்தை 28லேருந்து 18க்கு இறக்கினதும் பூனை மாதிரி போச்சு. இருட்டினதும் நாலஞ்சு பைக் சுத்தி வளைச்சுது. “மணல் அள்ள வந்தியா?” பின்னாடி ஏறிப் பார்த்தாங்க. ஒரு மண்வெட்டி இருந்துச்சு! மாட்டினா தோண்டி எடுக்க வெச்சிருந்தது. யார் நம்புவாங்க? பத்து மூட்டைகூட ஏறாத வண்டிணா இதுன்னு கெஞ்சினேன். அதுல ஒரு பையன் ஜிப்சின்னா உயிராம், அவனை ஒரு ரவுண்டு உக்கார வெச்சப்புறம்தான் விட்டாங்க. காத்து இறக்கினா திரும்ப அடிக்க பம்ப் வேணும்ங்கிறது எனக்கு அன்னிக்கு மறந்துபோச்சு. ஹைவேயில பஞ்சர் கடை வரைக்கும் உருட்டிக்கினே போனேன்.

சேலை மாதிரி மடிச்சு வெக்கிற அந்தத் துணிக்கூரை பத்தி எழுதினா தனிக் கதை. இன்னொரு நாள்.

ஜவ்வாது மலை, பீஞ்சமந்தைப் பக்கம். சொந்த வண்டி இல்லை

படிச்சேன், சிரிச்சேன். ஒண்ணு மட்டும் சொல்லணும். நீங்க ஞாயித்துக்கிழமை தேடி வர்ற ரோட்டுல எங்க பாட்டியை டோலி கட்டித்தான் இறக்கினாங்க. 2023ல அல்லேரி மலைக் கிராமத்துல பாம்பு கடிச்ச குழந்தையோட உடம்பைத் தாய் தூக்கிக்கிட்டு நடந்ததை நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. எங்களுக்கு ஜீப்புன்னா பஸ்ஸு. படிக்கட்டுல ரெண்டு பேர், மேல சாமை மூட்டை, ஓட்டுறவரு ஹப்பைக் கண்ணை மூடிக்கிட்டுத் திருப்புவாரு.

வராதீங்கன்னு சொல்லல. காப்புக்காட்டுக்குள்ள மட்டும் வண்டியை விடாதீங்க, ஃபாரஸ்ட்டு கேஸ் போட்டா அடுத்து எங்களைத்தான் விசாரிப்பாங்க. இறங்கும்போது உங்க பின்சீட்டு காலியாத்தானே போகுது, கை காட்டினா நிறுத்துங்க.

காட்பாடி, எம்.எம்.540, மறுபடியும்

நிறுத்துறேங்க. பின்சீட்டு ரெண்டு பக்கமும் பெஞ்சு, ஆறு பேர் தாராளம். இடது பக்கம் மட்டும் மழையில ஒழுகும், துண்டு எடுத்துக்கிட்டு வாங்க.