மறு: அக்ரோஃபாரஸ்ட்ரி - 'மரஞ்சேர் வேளாண்மை' சரிவருமா?

வணக்கம்.

ஒரே நிலத்தில் மரத்தோடு பயிரோ கால்நடையோ வளர்க்கும் முறைதான் அக்ரோஃபாரஸ்ட்ரி. அதற்கு 'மரஞ்சேர் வேளாண்மை' என்று முன்வைத்திருந்தேன். 'வேளாண் காடு' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று முந்தைய மடலில் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 'வேளாண் காடு' என்றதும் பயிரை எடுத்துவிட்டு நிலம் முழுக்க மரம் நடுவதாகத்தான் பலருக்கும் தோன்றுகிறது. மானாவாரி நிலத்தையே காடு என்று சொல்லும் வழக்கும் நம்மிடம் உண்டு. அப்படிச் சொல்பவர்களுக்கு இது இன்னும் குழப்பம்.

மாற்றாக வந்த 'ஊடுமரம்' அழகான சொல், வாயிலும் எளிதாக வருகிறது. ஓரிடத்தில்தான் இடிக்கிறது. மரமும் பயிரும் எப்போதும் சேர்ந்தே நிற்கவேண்டும் என்று இல்லை. 19ஆம் நூற்றாண்டு பர்மாவின் டாங்யா முறையில் தேக்கங்கன்றுகளுக்கு நடுவே சில ஆண்டுகள் பயிர் வைப்பார்கள். நிழல் கூடியதும் பயிர் நின்றுவிடும், தேக்கு மட்டும் தொடரும். 'ஊடு' இடத்தைச் சொல்கிறது, இந்தக் கால வரிசையைச் சொல்லவில்லை.

'சேர்' இடம், காலம் இரண்டையும் தாங்கும் என்பது என் எண்ணம். கிளைச்சொற்களும் தானாக வருகின்றன: மரத்தடியில் கால்நடை மேய்ந்தால் மரஞ்சேர் மேய்ச்சல், மர வரிசைகளுக்கு நடுவே பயிர் என்றால் நிரையிடைப் பயிர். 'நிரை' பழசாகத் தெரிந்தால் 'வரிசையிடைப் பயிர்' என்றே இருக்கட்டும், அதற்குச் சண்டைக்கு வரமாட்டேன்.

மரம் பயிருக்குப் போட்டியாயிற்றே, 'சேர்' எப்படிப் பொருந்தும் என்று இன்னொருவர் கேட்டார். வெளிச்சம், நீர், சத்து மூன்றிலும் போட்டி உண்டுதான். ஆனால் அது மரத்தைப் பொறுத்தது. ஆப்பிரிக்காவின் சாகேல் பகுதியில் ஃபைடர்பியா ஆல்பிடா என்றொரு மரம். மழைக்காலத்தில், அடியில் கம்பு வளரும் நேரம் பார்த்து இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். வறட்சியில் தழைத்து ஆடுமாடுகளுக்கு நிழலும் நெற்றும் தரும். காற்றிலிருந்து தழைச்சத்தை வேர்முடிச்சில் பிடிக்கும் இனம் வேறு. மழையில் உதிர்ந்து வறட்சியில் தழைக்கும் குணத்துக்கு 'எதிர்ப்பருவத் தழைப்பு' என்று வைக்கலாமா?

அப்புறம், காலநிலையைப் பற்றி எழுதும்போது 'மீள்திறன்' (resilience) மட்டும் போதாது. மரம் காற்றின் வேகத்தையும் மண்ணின் சூட்டையும் குறைப்பதால் பயிர் தாக்குப்பிடிப்பது தாங்குதிறன். பயிர் பொய்த்த ஆண்டில் விறகு, பழம், தீவனம் விற்று உழவர் எழுந்துகொள்வது மீள்திறன். இரண்டையும் இடம் பார்த்துப் பயன்படுத்தலாம் என்பேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசி முடித்துவிடலாம்.