நிழலுக்குப் பல் முளைக்கும் நிறுவல்: பெரியவர்கள் ஏன் ஓரமாகவே நிற்கிறார்கள்?

கரிக்கோடு:
வடிவமைப்பாளர் பிலிப் வொர்திங்டனின் 'ஷேடோ மான்ஸ்டர்ஸ்' வகையில் ஒரு நிறுவல் (பார்வையாளரும் பங்கேற்கும் கலைப்படைப்பு) தயாராகிறது. கையை வாய்போல் திறந்தால் சுவரில் விழும் நிழலுக்குப் பல்லும் கண்ணும் முளைத்து உறுமும். வெப்கேமில் தெரியும் உருவத்தை ஓப்பன்சிவி (படத்தில் உருவத்தைக் கண்டறியும் மென்பொருள்), புராசஸிங் (படம் வரைவதற்கான நிரல்மொழி) இரண்டும் நிழலாக்க, புரொஜெக்டர் அதைச் சுவரில் காட்டுகிறது. அரங்கில் நிழல் பின்தங்குகிறது, பற்கள் துடிக்கின்றன. குழந்தைகள் விளையாடுகிறார்கள், பெரியவர்கள் ஒதுங்கியே நிற்கிறார்கள். எதை முதலில் சரிசெய்வது?

திரைச்சீலை:
தாமதத்தை. கை அசைந்து 100 மில்லிநொடிக்கு மேல் ஆனால் அது தன் நிழல் என்ற எண்ணமே போய்விடும், வேடிக்கையும் அதோடு போச்சு. நொடிக்கு 30 பிரேம் (படம்) எடுக்கும் கேமராவில் ஒரு பிரேமுக்கே 33 மில்லிநொடி. 60 பிரேமுக்கு மாறுங்கள், படத்தின் அளவு 640×480 புள்ளிகள் போதும். புரொஜெக்டரில் கேம் மோடு (தாமதம் குறைக்கும் அமைப்பு) போட்டு, கீஸ்டோனை (கோணலான படத்தை நேராக்கும் வசதி) அணைத்து, கருவியையே நேராக மாட்டுங்கள். நடுக்கம் குறைய ஐந்தாறு பிரேம்களுக்குச் சராசரி எடுத்திருந்தால் அதுவும் தாமதம்தான்.

பல் துடிப்பது வெளிச்சத்தால். சுவரில் தான் வரைந்த பல்லையே கேமரா கை என்று எடுத்துக்கொண்டு அதற்கும் பல் வரைகிறது. கேமராவைத் திரைக்குக் கீழே, பார்வையாளரைப் பார்த்து வையுங்கள். அவர் முதுகுக்குப் பின்னால் வெள்ளைத் துணி. அதன்மேல் 850 நானோமீட்டர் அகச்சிவப்பு (கண்ணுக்கு அநேகமாகத் தெரியாத) எல்இடி ஒளி விழட்டும். கேமராவின் அகச்சிவப்புத் தடுப்பைக் கழற்றிவிட்டு, சாதாரண ஒளியைத் தடுக்கும் வடிகட்டியை லென்ஸில் பொருத்துங்கள். அப்போது ஆள் கறுப்பாக, துணி வெளுப்பாகத் தெரியும். சட்டை நிறம் பொருட்டில்லை. படத்தை இடவலமாகத் திருப்ப வேண்டும். ஆட்டோ எக்ஸ்போஷரை (வெளிச்சத்துக்கேற்பக் கேமரா தானே மாறிக்கொள்வது) அணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வந்ததும் எது பின்னணி, எது ஆள் என்ற கணக்கு குலைந்துவிடும். ஜன்னல் வெயிலிலும் ஹாலஜன் விளக்கிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு, இரண்டையும் மறையுங்கள்.

முச்சந்தி:
பெரியவர்கள் விஷயத்துக்குக் கலைஞர் ரஃபேல் லொசானோ-ஹெம்மரின் 'பாடி மூவிஸ்' (ராட்டர்டாம், 2001) என்ற நிழல் நிறுவல் நல்ல பாடம். விளக்குகள் தரையில் இருந்ததால் அவற்றின் அருகில் நின்றால் சுவரில் 25 மீட்டர் நிழல், தள்ளிப்போனால் 2 மீட்டர். நிழலுக்குள் உருவப்படங்கள் தெரியும் என்பதுதான் ஏற்பாடு. மக்களோ பெரிய நிழலால் சின்ன நிழலைத் துரத்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்து ஆடியதற்குக் காரணம், பார்ப்பவர்களின் கண் ஆள்மேல் இல்லாமல் சுவரில் இருந்ததே. ஆகவே ஆள் நிற்கும் இடத்தை மேடைபோல் ஆக்காதீர்கள், அங்கே ஸ்பாட்லைட் வேண்டாம். நடைபாதையே கேமராவின் எல்லைக்குள் வரட்டும்.

அறிவிப்புப் பலகைக்குப் பதில் ஒரே ஒரு கோட்டோவியம். சிற்பி எர்வின் வூர்ம் தன் 'ஒன் மினிட் ஸ்கல்ப்சர்ஸ்' வரிசையில் செய்வது அதுதான்: பீடத்தில் ஒரு படம், ஓரிரு வரி, ஒரு வாளியோ நாற்காலியோ. அதில் உள்ளபடி பார்வையாளரே சிலையாக நிற்க வேண்டும், சுமார் ஒரு நிமிடம்தான். எப்போது முடியும் என்று தெரிந்தால்தான் கூச்சப்படுபவர் தொடங்குவார்.

கரிக்கோடு:
சும்மா கடந்துபோகிறவரின் நிழலுக்குத் தொப்பை, கழுதைக்காது போட்டு இழுக்கலாமா?

முச்சந்தி:
வேண்டவே வேண்டாம். கேட்காமல் ஒருவரைக் கேலிப்பொருளாக்கினால் சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள், அவர் திரும்பி வரமாட்டார். உடல் அப்படியே இருக்கட்டும். அவர் நின்றால், தோளுக்கு மேல் ஒரு கண் எட்டிப் பார்க்கட்டும். கையைத் தூக்கிய பிறகு மட்டும் பல். சிரிப்பை மூட்டுபவர் அவராகவே இருக்க வேண்டும்.

திரைச்சீலை:
அதற்கு, உருவக்கோட்டின் குழிவுகளில் ஆழமானவற்றை மட்டும் வாயாக எடுங்கள். வாய் திறக்க ஓர் அளவு, மூட அதைவிடச் சிறிய அளவு வைத்தால் எல்லையில் துடிக்காது. உறுமலில் பெரிய உருவத்துக்குத் தடித்த குரல், சின்னதுக்குக் கீச்சுக்குரல். ஒரே நேரத்தில் நான்கு குரலுக்கு மேல் விடாதீர்கள், யாருடைய வாய் கத்துகிறது என்றே தெரியாமல் போகும்.