மினி டிவி (MiniDV) வீடியோ கசெட்டுகளை ஓட்ட ஒரு டெக் தேவை – மட்டக்களப்பு

சுனாமிக்குப் பிறகு, 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாவலடியிலும் கல்லடியிலும் நான் எடுத்த நேர்காணல்கள் மினி டிவி எனப்படும் சிறிய டிஜிட்டல் வீடியோ கசெட்டுகளில் இருக்கின்றன. அவற்றை வைத்து ஓர் ஆவணப்படம் தொகுத்து வருகிறேன். வேலை பாதியில் நிற்கிறது.

பதிவுசெய்தது சோனி வி.எக்ஸ். 2100 கமராவில், பால் (PAL) வீடியோ முறை, எஸ்.பி. எனும் வழக்கமான பதிவு வேகம். அந்தக் கமரா பழுதாகிப் பல வருடங்கள் ஆகின்றன. இப்போது இரவல் வாங்கிய சிறிய சோனி ஹேண்டிகேமில் ஓட்டினால், படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகச் சதுரக் கட்டங்கள் விழுகின்றன. ஒலியும் விட்டுவிட்டு வருகிறது. கிழிந்த வலையைப் பொத்தியபடி பேசும் மீனவப் பெரியவர் ஒருவர், தன் மகளின் பெயரைச் சொல்லும் இடத்தில்தான் குரல் அறுபடுகிறது. அவர் இன்று உயிரோடு இல்லை. அதை மறுபடி எடுக்க வழியே கிடையாது.

ஹெட்டை, அதாவது நாடாவைப் படிக்கும் பாகத்தை, துடைக்கும் கசெட்டை ஓட்டினேன். நாடாக்களை முன்னும் பின்னுமாக முழுதாகச் சுற்றினேன். கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் கேபிளையும் மாற்றினேன். ஆனால் கமராவின் சிறு திரையிலேயே அதே கோளாறு தெரிவதால் பிழை கேபிளிலோ கணினியிலோ இல்லை. புதுக் கசெட்டில் பதிந்தால் படம் தெளிவாக வருகிறது. நாடாவில் பூஞ்சை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. பழைய கமரா பதிந்த தடத்தோடு இந்த ஹெட் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன். கொழும்பில் விசாரித்த இடத்தில் கூரியரில் அனுப்பச் சொன்னார்கள். இருப்பது ஒரே பிரதி. கையை விட்டு அனுப்ப மனம் வரவில்லை.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறைப் பக்கம் யாரிடமாவது நல்ல நிலையில் இயங்கும் சோனி டி.எஸ்.ஆர். 11 டெக்கோ (கசெட் ஓட்டும் கருவி) வி.எக்ஸ். 2100 கமராவோ, நானே கசெட்டுகளோடு வந்து வாடகைக்குப் பயன்படுத்தும்படி இருக்கிறதா?