எக்ஸ்பாக்ஸுக்குள் நாலு எல்இடி: ஒன்று செத்தது, மற்ற மூன்றும் ஒரே வெள்ளை இல்லை

ஜெலுத்தோங் பையன்:

போன ஞாயிறு பினாங்கு லோரோங் குலிட் சந்தையில் பழைய எக்ஸ்பாக்ஸ் கேம் கன்சோல் ஒன்று 70 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. 2001இல் வந்த முதல் மாடல், அந்தக் கறுப்புச் செங்கல். முன்பு வைத்திருந்தவர் மூடியை வெட்டி அக்ரிலிக் ஜன்னல் ஒட்டியிருக்கிறார். விளக்கு மட்டும் போடவில்லை. சரி, மிச்ச வேலையை நாம் முடிப்போம் என்று இறங்கினேன்.

5 மி.மீ. வெள்ளை எல்இடி நாலு. நீளக் கால்கள் எல்லாம் ஒன்றாக, குட்டைக் கால்கள் எல்லாம் ஒன்றாக, மொத்தத்துக்கும் கரண்டை மட்டுப்படுத்த 22 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சிவப்பு ஒயரிலிருந்து 5 வோல்ட். கணக்குப் போட்டுத்தான் செய்தேன். எல்இடிக்கு 3.1 போனால் மிச்சம் 1.9 வோல்ட். 22ஆல் வகுத்தால் 86 மில்லிஆம்ப், ஆளுக்கு 21 சொச்சம். சரிதானே?

முதல் நாளே ஒன்று மட்டும் கண்ணைக் குத்தியது. மூன்றாம் நாள் அது செத்தது. மற்ற மூன்றும் இப்போது முன்பைவிடப் பிரகாசமாக எரிகின்றன, அதிலும் இடது பக்கம் நீலம், வலது பக்கம் மஞ்சள். ஒரே பாக்கெட்டில் வாங்கியவை! "சாமி அறை விளக்கே இதைவிட ஒழுங்கா எரியுது" என்கிறார் அம்மா. எங்கே தப்பு செய்தேன்?

பந்தல் லைட்:

தம்பி, தனித்தனி எல்இடியோடு ஏன் மல்லுக்கட்டு? தைப்பூசத்துக்கு நாங்கள் தண்ணீர்ப் பந்தலில் கட்டுகிற 12 வோல்ட் எல்இடி ஸ்டிரிப்பை வாங்கு. மூன்று எல்இடிக்கு ஒரு வெட்டுக்கோடு இருக்கும், அந்தக் கோட்டில் மட்டும் வெட்டு. ரெசிஸ்டர் அதிலேயே இருக்கிறது. சிவப்பு ஒயரை விட்டுவிட்டு மஞ்சளில் கொடு, 12 வோல்ட் அதில்தான். பத்து நிமிஷ வேலை.

மூன்றாம் ஷிஃப்ட்:

தம்பி, உன் கணக்கு சரி. அந்தக் கணக்கு எல்இடிக்குத்தான் தெரியாது.

நான் பாயான் லெப்பாஸில் எல்இடி ஃபேக்டரியில் 24 வருஷம் இருந்தவள், அதில் பாதிக்கு மேல் டெஸ்டிங்கில். பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி, இறங்கினால் ஃபேக்டரி பஸ். ஒரே நாளில் ஒரே மெஷினில் செய்த எல்இடிகூட ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. வெள்ளை எல்இடி என்று நாம் சொல்வது உள்ளே நீலச் சில்லுதான், அதன் மேல் மஞ்சள் பாஸ்பர் பூச்சு. பூச்சு ஒரு மயிரிழை மெலிந்தால் நீலம் தூக்கும், தடித்தால் மஞ்சள் அடிக்கும். அதனால் டெஸ்டர் மெஷின் ஒவ்வொன்றையும் கண் இமைக்கும் நேரம் எரியவைத்து, நிறம், வெளிச்சம், வோல்ட் மூன்றையும் அளந்து வேறு வேறு டப்பாவில் தள்ளும். அந்த டப்பாவுக்குப் பெயர் 'பின்'. நாங்கள் பார்த்தால் எல்லாம் வெள்ளைதான். மெஷின் பிரித்துக்கொண்டே இருக்கும், புதிதாக வந்த பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். சில்லறைக் கடைப் பாக்கெட்டில் எத்தனை பின் கலந்திருக்கிறது என்று யார் கண்டது.

செத்ததற்கும் காரணம் இதுதான். ஒன்றுக்கு 3.0 வோல்ட் போதும், பக்கத்தில் இருப்பது 3.2 கேட்கும். நாலையும் ஒரே ரெசிஸ்டரில் கட்டினால் 3.0 காரன் தன் பங்குக்கு மேல் கரண்ட் இழுப்பான். இழுத்தால் சூடு. சூடானால் அவனுக்கு வேண்டிய வோல்ட் இன்னும் இறங்கும், இன்னும் இழுப்பான். கண்ணைக் குத்தியவன் அவன்தான். அவன் போனதும் அந்த 86 மில்லிஆம்ப் கிட்டத்தட்ட முழுசும் மூன்று பேர் தலையில், ஆளுக்கு 28, 29. 20க்குச் செய்த சாமான் அது. இன்றைக்கே கழற்றிவிடு.

ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் போடு. 100 ஓம் போட்டால் 19 மில்லிஆம்ப். இருட்டுப் பெட்டிக்குள் அவ்வளவு வேண்டாம், 150 போதும், 13 கிட்ட வரும். பழுப்பு, பச்சை, பழுப்பு, கடைசியில் தங்கக் கோடு. கால் வாட் தாராளம். கன்சோலின் ஒயரைச் சுரண்டி ஒட்டியிருந்தால் அதையும் எடுத்துவிடு. கம்ப்யூட்டர் கடையில் நாலு முனை ஒய் ஸ்ப்ளிட்டர் கிடைக்கும், அதில் ஒரு கிளை ஹார்ட் டிஸ்குக்கு, ஒரு கிளை உனக்கு. ஈயம் வைத்து ஒட்டிய இடமெல்லாம் ஹீட் ஷ்ரிங்க் போடு, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய் அது. டேப் வேண்டாம். நம் ஊர் புழுக்கத்தில் டேப் பசை உருகி வழியும்.

ஒன்றை மறக்காதே. அந்த மாடலில் பவர் சப்ளை போர்டு மூடியில்லாமல் உள்ளேயே இருக்கிறது, வீட்டுக் கரண்ட் 230 வோல்ட் நேராக அதற்குள் வருகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும். பிடுங்கிவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வா. வந்த பிறகும் அந்தப் போர்டில் விரல் வைக்காதே.

பந்தல் அண்ணன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் பந்தலில் காற்று ஓடும். 5050 வகை, அதாவது 5 மி.மீ. சதுர எல்இடி, மீட்டருக்கு 60 என்றால் மீட்டருக்கு 14 வாட். 30 செ.மீ. ஒட்டினால் 4 வாட் சூடு, பின்னால் இருப்பதோ ஒரே ஒரு ஃபேன். ஸ்டிரிப்தான் வேண்டும் என்றால் அதே 60 உள்ள, சின்ன எல்இடி வைத்த 3528 வாங்கு, சூடு மூன்றில் ஒரு பங்கு. பின்பக்கப் பசையையும் நம்பாதே, கழன்று ஃபேனில் விழுந்தால் டர்ர்ர்தான்.

நிறத்துக்கு வீட்டிலேயே பின் பிரிக்கலாம். எல்இடி 20 வாங்கு, விலை ஒன்றும் பெரிசில்லை. 3 வோல்ட் பட்டன் பேட்டரியை எல்இடியின் இரண்டு காலுக்கும் நடுவில் செருகினால் மங்கலாக எரியும். வெள்ளைத் தாள் மேல் இரண்டிரண்டாகப் பிடித்துப் பார், ஒத்துப்போகிற நாலை எடு. பிறகு 400 நம்பர் மணல்தாளில் தலையைச் சுற்றிச் சுற்றித் தேய். கண்ணாடிபோல் தெளிந்த தலை பால் நிறமாகும்வரை தேய்த்தால் வெளிச்சம் ஊசியாகக் குத்தாமல் பரவும்.

பந்தல் லைட்:

அக்கா, 4 வாட் கணக்கை நான் யோசிக்கவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

பழைய பெட்டி:

லைட் இருக்கட்டும் தம்பி. திறந்த கையோடு கடிகாரக் கெப்பாசிட்டரையும் பாருங்கள். எக்ஸ்பாக்ஸின் 1.6 பதிப்புக்கு முந்தைய போர்டுகளில் அது கசிந்து செம்பு வழிகளைத் தின்றுவிடும். எடுத்துவிட்டால்கூட கன்சோல் ஓடும், பிளக்கைப் பிடுங்கும்போது மணி மட்டும் அழிந்துபோகும். டிவிடி டிரைவையும் ஹார்ட் டிஸ்கையும் தூக்கினால்தான் போர்டு தெரியும். திரும்ப வைக்கும்போது கேபிள் எதையாவது மறந்தால் பல மொழியில் எரர் திரை வரும், பயப்பட வேண்டாம்.

ஜெலுத்தோங் பையன்:

முடித்துவிட்டேன். கெப்பாசிட்டர் அடியில் பிசுபிசுப்பு இருந்தது, எடுத்துத் துடைத்தாயிற்று. நன்றி அண்ணே.

அக்கா, 20 எல்இடியையும் சாப்பாட்டு மேசையில் பரப்பிப் பேட்டரி செருகிக்கொண்டிருந்தேன். அம்மா வந்து உட்கார்ந்துவிட்டார். எனக்கு ஒன்றாகத் தெரிந்த இரண்டைக் காட்டி "இது மல்லிப்பூ, இது சம்பங்கி, கண்ணு தெரியலையா" என்றார். நாலையும் கடைசியில் அவர்தான் பொறுக்கினார். 150 ஓம், ஆளுக்கு ஒன்று. இரண்டு டிரைவுக்கும் நடுவில் கீழ்நோக்கி வைத்தேன், வெளிச்சம் போர்டில் பட்டு மேலே வருகிறது. நாலு நாளாக எரிகிறது.

மூன்றாம் ஷிஃப்ட்:

அம்மாவுக்கு எத்தனை வயசு? என் காலத்தில் வந்திருந்தால் டெஸ்டிங்கில் என் பக்கத்திலேயே உட்காரவைத்திருப்பேன். மிச்சம் 16ஐத் தூக்கிப் போடாதே, சம்பங்கி எல்லாவற்றையும் சாமி அறைக்குப் போடு.