எலிக் கிட்னியைப் பார்த்து மனுஷனுக்கு என்ன?

பால்மரத்தான், சுங்கை சிப்புட்:
ஒட்டுக்கடையில் முடியாத சண்டை, இங்கே கொண்டு வந்துவிட்டேன். அக்கா மகளுக்கு லூப்பஸ், உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், கிட்னியையும் பிடித்துவிட்டது. கிட்னியில் துளி சதை எடுத்துப் பயாப்சி பார்த்த டாக்டர், "இதை எலிகளில் நிறையப் பார்த்திருக்கிறோம்" என்றார். எலிக்கு வந்தது இவளுக்கும் வருமா? வீணாக உயிரைக் கொல்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிலைடுக்காரி:
தம்பி, நான் லேப்பில் திசு சீவியவள். நியூசிலாந்துக் கறுப்புச் சுண்டெலியையும் வெள்ளைச் சுண்டெலியையும் இணைத்தால், குட்டிகளுக்குத் தானாகவே லூப்பஸ் போன்ற கிட்னி நோய் வரும். பெட்டைக்குத்தான் சீக்கிரம் வரும், கடுமையாகவும் இருக்கும். மனுஷரிலும் லூப்பஸ் பெண்களுக்குத்தானே அதிகம்? உறைந்த கிட்னியைச் சில மைக்ரான் கனத்துக்குச் சீவி, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆன்டிபாடியை (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) விட்டு இருட்டறையில் பார்த்தால், ரத்தத்தை வடிகட்டும் சுருளெங்கும் ரவை தூவினாற்போல் பச்சைப் பொட்டுகள். அங்கே படிந்துவிட்ட நோயாளியின் ஆன்டிபாடிகள் அவை. மனுஷப் பயாப்சியிலும் அதே ரவைதான். கோடு இழுத்தாற்போல் சீராகத் தெரிந்தால் அது வேறு நோய். அதில் ஆன்டிபாடி வடிகட்டியின் சவ்வையே தாக்குகிறது.

கிராணி மகன், பஹாவ்:
அக்கா, மெகாலின் கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1959-இல் ஹேமன், பெரிய எலிக்கு எலிக் கிட்னிச் சாற்றையே ஊசி போட்டு மெம்பிரேனஸ் என்ற, வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் ஒழுகும் கிட்னி நோயை வரவழைத்தார். ஆன்டிபாடி பிடிப்பது மெகாலின் என்ற புரதத்தை என்று பிறகு தெரிந்தது. மனுஷ நோயில் குற்றவாளி அது இல்லையே! பிஎல்ஏ2ஆர் என்ற வேறு புரதம் என்று 2009-இல்தான் தெரிந்தது, அதுவும் நோயாளிகளின் ரத்தத்தை வைத்து. எலியை நம்பி 50 வருஷம் போச்சு.

சிலைடுக்காரி:
ஆள்தான் வேறு தம்பி, சம்பவம் நடந்த வீடு ஒன்றுதான். ரத்தத்தில் ஆன்டிபாடி ஒட்டி மிதந்து வரும் புரதத் திரள்கள்தான் வந்து படிகின்றன என்று நினைத்திருந்தார்கள். வடிகட்டியைப் போர்த்தியிருக்கும் போடோசைட் செல்லின் சொந்தப் புரதத்தையே ஆன்டிபாடி அங்கேயே பிடிக்கும் என்று காட்டியது அந்த எலிதான். மனுஷரிலும் அங்கேதான் அகப்பட்டது. இன்று அதற்கு ரத்தப் பரிசோதனையே இருக்கிறது.

கிராணி மகன்:
இடம் காட்டியதற்குக் கூலி கொடுக்கலாம். ஆனால் எலிக்குக் கேட்ட மருந்து மனுஷனுக்கும் கேட்கும் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

சிலைடுக்காரி:
நான் எங்கே சொன்னேன்?

பால்மரத்தான்:
சண்டையை நிறுத்துங்கள். இவள் ரிப்போர்ட்டில் 'ஃபுல் ஹவுஸ்' என்று போட்டிருக்கிறது. சீட்டாட்டமா இது?

சிலைடுக்காரி:
ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடி, அவற்றுக்குத் துணைபோகும் சி3, சி1க்யூ புரதங்கள், ஐந்தும் ஒளிர்ந்தால் அப்படி எழுதுவார்கள். லூப்பஸ் கிட்னியின் அடையாளம் அது. அதே தாளில் 'கிளாஸ்' என்று ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். மருந்தை முடிவு செய்வதில் அதற்குத்தான் பெரிய பங்கு.

பால்மரத்தான்:
4 என்று இருக்கிறது அக்கா.

சிலைடுக்காரி:
அது கடுமையான வகை. அப்படியானால் ஒரு வேளை மருந்தைக்கூட விடக்கூடாது தம்பி. கிளினிக் தேதியையும்தான்.