ஷே அரங்கில் பீட்டில்ஸ்: ரசிகர்களின் காதில் பாட்டு விழுந்ததா?

கேள்வி:
1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே விளையாட்டரங்கில் இங்கிலாந்தின் நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸ் நடத்திய கச்சேரியின் ஆவணப்படத்தை அண்மையில் பார்த்தேன். ஏறத்தாழ 55,600 பேர் கூடியிருக்கிறார்கள். பெண்கள் கதறி அழுகிறார்கள், மயங்கி விழுகிறார்கள். ஆனால் பாடல்களோ ஓரளவு தெளிவாகவே கேட்கின்றன. அன்று கூச்சலில் ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்லப்படுவது மிகையா?

பதில் 1:
மிகையன்று. நீங்கள் படத்தில் கேட்டது முழுவதும் அன்றைய ஒலி அல்ல. 1966 ஜனவரியில் அவர்கள் லண்டன் ஒலிப்பதிவுக்கூடம் ஒன்றில் சில பாடல்களை மீண்டும் பாடியும் வாசித்தும் சேர்த்தார்கள். குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் பாடும் இடத்தில் இசைத்தட்டின் ஒலியையே பொருத்திவிட்டார்கள். அவருடைய உதட்டசைவைக் கூர்ந்து கவனித்தால் பிடிபடும்.

பதில் 2:
மைக்செட் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். கிட்டார்களுக்கு வாக்ஸ் நிறுவனத்தின் 100 வாட் பெருக்கிகள் இருந்தன. குரல்களோ, பேஸ்பால் ஆட்ட அறிவிப்புகளுக்காக அரங்கில் பொருத்தியிருந்த ஒலிபெருக்கிகள் வழியாகவும் சென்றன. பழைய 30 வாட் பெருக்கியை 100 வாட்டாக உயர்த்தினாலும் ஒலியளவில் கூடுதலாகக் கிடைப்பது ஏறத்தாழ 5 டெசிபெல் மட்டுமே; காதுக்கு அது சிறிய ஏற்றம்தான். மேடையோ பார்வையாளர் வரிசைகளிலிருந்து வெகுதொலைவில், மைதானத்தின் உள்ளே, பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஓடித் தொடும் இரண்டாம் பேஸ் அருகில் இருந்தது. வாசிப்பவர்களை நோக்கித் திருப்பி வைக்கும் மானிட்டர் பெட்டிகளும் இல்லாததால், தாளத்தைக் காதால் பிடிக்க முடியாத ரிங்கோ, முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்தே டிரம்ஸ் வாசிக்க வேண்டியிருந்தது. இன்று எந்த டிரம்மரும் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார் என்பது வேறு விஷயம்.

கேட்டவர்:
விளக்கத்திற்கு நன்றி. அப்படியானால் பணம் கொடுத்து வந்தவர்கள் ஏமாந்துபோனார்கள் என்றுதானே பொருள்?

பதில் 3:
அப்படிச் சொல்ல மாட்டேன். பாட்டு அவர்களுக்கு வீட்டு இசைத்தட்டிலேயே இருந்தது. அந்த நால்வரையும் ஒரே வெளியில் கண்ணால் காண்பதற்கும், கூடச் சேர்ந்து கத்துவதற்குமே வந்தார்கள். 12 பாடல்கள், ஏறத்தாழ அரைமணி நேரம், அவ்வளவுதான் நிகழ்ச்சி. கூட்டத்துக்கு அஞ்சிக் குழுவினர் அருகிலிருந்த உலகக் கண்காட்சிக் கட்டடத்தின் கூரையில் ஹெலிகாப்டரில் இறங்கி, அங்கிருந்து கவச வண்டியில்தான் அரங்குக்குள் நுழைய முடிந்தது. நட்டம் என்று ஒன்று இருந்தால் அது இசைஞர்களுக்குத்தான். 1966 ஆகஸ்டில் அவர்களின் புதிய இசைத்தொகுப்பான ரிவால்வர் வெளிவந்த பிறகும், அதே மாதச் சுற்றுப்பயணத்தில் அதிலிருந்து ஒரு பாடல்கூட மேடையேறவில்லை. மீண்டும் ஷே அரங்குக்கு வந்தபோது ஆயிரக்கணக்கான இருக்கைகள் காலியாகக் கிடந்தன. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 29 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் நடந்ததே கட்டணம் வாங்கிய அவர்களின் கடைசிக் கச்சேரி.

பதில் 2:
உடன்படுகிறேன். 1965 நிகழ்ச்சியின் கடைசிப் பாடலில் ஜான் லெனன் ஆர்கனை முழங்கையால் வாசிப்பதையும், ஜார்ஜ் ஹாரிசன் அடக்கமாட்டாமல் சிரிப்பதையும் படத்தில் இன்னொரு முறை பாருங்கள்.