மில்ஸ் குண்டின் அடிமூடி எழுத்தை எவ்வளவு நம்பலாம்?

குன்னூர்வாசி: குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள். கிடங்கில் ஒரு மரப்பெட்டிக்குள் அன்னாசிப்பழம் மாதிரி கட்டம் கட்டமாக ஒரு இரும்புக் குண்டு கிடக்கிறது. சாமான் எடுப்பவர் எனக்கே தருகிறேன் என்கிறார். பக்கவாட்டில் கிடப்பதால் அடிமூடி தெரிகிறது: ‘நம்பர் 36எம், மார்க் 1’, கீழே 1942. பெயிண்ட் முக்கால்வாசி உரிந்துவிட்டது, நடுவில் பச்சைக் கோடு கொஞ்சம் மிச்சம். அருவங்காட்டில் செய்ததாக இருக்குமோ? வாங்கி வைக்கலாமா?

நாணயம்முதல்நங்கூரம்வரை: நல்ல பொருள், விடாதீர்கள். இது மில்ஸ் குண்டு, பிரிட்டிஷ் ராணுவத்தின் கையெறி குண்டு. இதற்கு அந்த அடிமூடிதான் ஜாதகம். 1915இல் வந்தது நம்பர் 5. அப்புறம் துப்பாக்கியில் கம்பி சொருகி எறிகிற நம்பர் 23. 1918இல் 36. ‘எம்’ என்பது மெசபடோமியா (இன்றைய இராக்); அந்த ஊர் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்க அரக்குப் பூசி அடைத்த வகை. வருடத்தோடு ஆலையின் முதலெழுத்துகளும் இருக்கும், அதைப் படம் எடுத்துப் போடுங்கள். ஒன்று மட்டும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். மிச்சமிருக்கும் பெயிண்ட் போனால் பாதி வரலாறு போச்சு.

வெலிங்டன் பழைய ஹவில்தார்: தம்பி, தேய்ப்பது இருக்கட்டும், தொடவே வேண்டாம். அந்தப் பச்சைக் கோட்டைத் தாண்டி எப்படிப் போனீர்கள்? நடுவில் பச்சை என்றால் ஆலையில் வெடிமருந்து நிரப்பி அனுப்பிய குண்டு என்று அர்த்தம். 1942 காலத்துக்கு அநேகமாக பாரட்டால், அதாவது பேரியம் நைட்ரேட்டும் டிஎன்டியும் கலந்தது. எண்பது வருடம் ஆனால் அது மண்ணாகிவிடாது. பயிற்சிக்கு வைத்திருந்தவற்றுக்கு வெள்ளை அடித்து, உடம்பில் துளையும் போட்டிருப்பார்கள்.

அருவங்காடு பற்றி: அது கார்டைட் தொழிற்சாலை. துப்பாக்கி, பீரங்கிக் குண்டுகளை உந்தித் தள்ளும் மருந்துதான் அங்கே வேலை. இந்த இரும்பு வார்ப்பு அங்கே செய்ததல்ல.

நாணயம்முதல்நங்கூரம்வரை: சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பச்சைக் கோடு இருந்தாலே உயிருள்ள குண்டு என்றால், உலகத்தில் ஒரு சேகரிப்பாளரும் மில்ஸ் குண்டு வைத்திருக்க முடியாது. காலி செய்த பிறகும் கோடு அப்படியே இருக்குமே.

வெலிங்டன் பழைய ஹவில்தார்: அதைத்தான் நானும் சொல்கிறேன். காலி செய்தாலும் கோடு இருக்கும், செய்யாவிட்டாலும் இருக்கும். குண்டின் மேலுள்ள குறிகள் சொல்வதெல்லாம் ஆலையை விட்டுக் கிளம்பிய நாளின் கதை. இன்றைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு அது சாட்சி இல்லை. மூடியின் வருடத்தை வைத்து உடம்பின் வயதையும் சொல்ல முடியாது. மூடி திருகு போட்டது, வார்ப்பு ஒரு ஆலை, மூடி வேறு ஆலை. விற்கிறவர்கள் நல்ல மூடியை வேறு உடம்பில் மாட்டுவதும் உண்டு.

இன்னொன்று. நம் ராணுவத்தில் 36 வகை சமீப காலம் வரை இருந்தது. புதிய பன்முகக் கையெறி குண்டு கைக்கு வர ஆரம்பித்ததே 2021இல்தான். உருவம் பழசு என்பதால் குண்டும் பழசு என்று நினைக்காதீர்கள்.

நாணயம்முதல்நங்கூரம்வரை: மூடி மாற்றுவார்கள் என்பது சரி, நானும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மூடியையும் வார்ப்பில் உள்ள எழுத்தையும் சேர்த்துப் படிக்கிறோம். எடை போட்டுப் பார்க்கலாமே? நிரப்பியது முக்கால் கிலோவுக்குச் சற்று மேலே வரும்.

வெலிங்டன் பழைய ஹவில்தார்: எடை போட அதைத் தூக்க வேண்டும். பாதுகாப்பு ஊசி துருப்பிடித்திருக்கிறதா, அது பிடித்திருக்கும் நெம்பு அசைகிறதா என்று இவருக்கு எப்படித் தெரியும்? மருந்தை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர் உள்ளே இருந்தால், வயதாக ஆக அதை நம்ப முடியாது. தராசு யோசனையைத் தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள்.

கோத்தகிரி வக்கீலம்மா: சட்டத்தையும் பாருங்கள். 1959 ஆயுதச் சட்டம் 2ஆம் பிரிவில் ‘வெடிபொருள், தோட்டா’ வகைக்குத் தரும் விளக்கத்திலேயே கையெறி குண்டு என்று பெயர் சொல்லியே இருக்கிறது. உள்ளே மருந்து இருந்தால் 1908 வெடிபொருள் சட்டமும் சேரும். ‘அலங்காரத்துக்கு வைத்தேன்’ என்பது வழக்கில் நிற்காது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே பேசிப் பயனில்லை.

குன்னூர்வாசி: பெட்டியை மூடக்கூட வேண்டாமா?

வெலிங்டன் பழைய ஹவில்தார்: வேண்டாம். அப்படியே விட்டு, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு 112க்குப் போன் செய்யுங்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பார்ப்பார்கள். சாமான் எடுப்பவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், அவர் அதைப் பழைய இரும்போடு மூட்டை கட்டிவிடக் கூடாது.

நாணயம்முதல்நங்கூரம்வரை: போலீஸுக்குச் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் குண்டை அழித்துவிட்டால் அந்த எழுத்துகளை இனி யாரும் படிக்க முடியாது. ஏற்கெனவே படம் எடுத்திருந்தால் போடுங்கள். குறிகளைப் படிப்பது வீண் வேலை என்று மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெலிங்டன் பழைய ஹவில்தார்: வீண் என்று நான் சொல்லவில்லை. எடுத்த படத்தைப் போடுங்கள், படிக்கலாம். புதுப்படம் எடுக்க மறுபடி கிடங்குக்குள் போகாதீர்கள்.

குன்னூர்வாசி: போன் செய்துவிட்டேன். எல்லோரும் கேட்டுக்கு வெளியே நிற்கிறோம். காலையில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது, வருடத்துக்கு மேலே மூன்று எழுத்து மங்கலாகத் தெரிகிறது. ஏற்றுகிறேன்.